தம்பி பாஸ் பண்ணிய முழங்கால்

என் தம்பிக்கு உலகத்தில் இரண்டே தீர்ப்புதான். பாஸ், இல்லாவிட்டால் ரிஜெக்ட். சிங்காநல்லூரில் எங்கள் குடும்பத்துக்கு ஒரு பவுண்டரி இருக்கிறது. அப்பா இருந்தவரை அதில் தண்ணீர் பம்புக்கு இரும்பு வார்த்தார்கள். அப்பா போன பிறகு தம்பி அதை வெளிநாட்டுக்குப் போகும் வால்வுகளுக்கு மாற்றினான். வார்த்தெடுத்த உருப்படியை எக்ஸ்ரே எடுத்து, அந்தப் படத்தை வெளிச்சப் பெட்டியில் மாட்டி, உள்ளே எங்காவது காற்றுக்குழி விழுந்திருக்கிறதா என்று பார்த்துத் தீர்ப்புச் சொல்வது அவன் வேலை. நல்ல வேலைக்காரன், அதை நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த வெளிச்சப் பெட்டியில் ஒன்றைத் தலைக்குள்ளேயும் மாட்டி வைத்திருக்கிறான். தோசை வந்தால் பாஸ். சினிமா பார்த்துவிட்டு வந்தால் ரிஜெக்ட். ஒரு நாள் என் முழங்காலையும் பாஸ் பண்ணினான்.

அதைத்தான் எழுதுகிறேன். இப்போது நினைத்தாலும் அடிவயிற்றிலிருந்து பற்றிக்கொண்டு வருகிறது. அங்கங்கே வார்த்தை தடித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பொறுக்க முடியாதவர்கள் என் அம்மாவிடம் போய்ச் சொல்லலாம். உங்களுக்கு நல்ல காபி போட்டுக் கொடுத்து, "அப்படியெல்லாம் ஒண்ணும் நடக்கலீங்க" என்று மரியாதையாகச் சொல்லி அனுப்பிவைப்பாள்.

எனக்கு அப்போது முப்பத்தாறு வயது. சரவணம்பட்டிப் பக்கம் ஒரு கல்லூரியில் கணக்கு நடத்துகிறேன். கல்யாணம் வேண்டாம் என்று நானே சொல்லி, அம்மா அழுது, அதுவும் பழகிப்போய்விட்டது. நாளெல்லாம் நின்று பாடம் எடுக்கிற உத்தியோகம், கால் வலிக்கத்தானே செய்யும் என்று இடது முழங்கால் வலியை ரொம்ப நாள் கண்டுகொள்ளாமல் இருந்தேன். ஒருநாள் கல்லூரி மாடிப்படியில் கால் மடங்கிக்கொண்டது. ஸ்கேன் எடுத்துப் பார்த்தால், முழங்கால் மூட்டுக்கு நேர் கீழே, கால் எலும்பின் தலைக்குள் ஒரு கட்டி. பரவுகிற ரகம் இல்லை, உயிருக்கு ஒன்றும் இல்லை என்று சோதித்துச் சொன்னார்கள். ஆனால் உட்கார்ந்த இடத்திலேயே எலும்பைத் தின்றுகொண்டிருந்தது.

எனக்கு ஆபரேஷன் செய்த டாக்டரம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். வேகமாகப் பேசுவார், பேசும்போதே கைக்குக் கிடைத்த காகிதத்தில் படம் போடுவார். அம்மா, தம்பி, நான் மூன்று பேரையும் எதிரில் உட்கார வைத்து எலும்பைப் படம் போட்டார்.

"கட்டியச் சொரண்டி எடுத்துருவோமுங்க. எடுத்தா அந்த எடத்துல குழி. குழிக்கு நேர் மேலதான் மூட்டு உக்காந்திருக்குது. முட்டுக் குடுக்காம உட்டா கூரை எறங்கிப்போயிரும். அதனால குழிய போன் சிமெண்ட் வெச்சு அடைக்கறோமுங்க."

தம்பி நிமிர்ந்து உட்கார்ந்தான். ஊற்றுவதும் இறுகுவதும் எங்கள் வீட்டுத் தொழில் இல்லையா, அவனுக்கு உற்சாகம் வந்துவிட்டது.

"எத்தன நேரத்துல செட்டாகுமுங்க?"

"பொடியையும் தண்ணியையும் கலந்து பெசஞ்சு உள்ள வெச்சா, பத்துப் பதினஞ்சு நிமிசத்துல கல்லாயிருமுங்க."

"லோடு தாங்குமுங்களா?"

"நேரா அமுக்கினாத் தாங்குமுங்க. திருகினா, ஆட்டினா, உடைஞ்சுபோகும். ஆனா செட்டாகறது சிமெண்ட்டோட வேலைங்க. அதுக்குப் பொறவுதான் ஒடம்போட வேலையே ஆரம்பிக்குது."

அந்த வேலையை அவர் எங்களுக்கு விளக்கிச் சொன்னார். மூட்டு மாற்றுகிறவர்களுக்கு வைக்கிற சிமெண்ட் ஒரு மாதிரிப் பிளாஸ்டிக். இறுகும்போதே சுடும், பக்கத்தில் இருக்கிற செல்களில் கொஞ்சத்தைச் சாகடிக்கும். எத்தனை வருசம் உள்ளே இருந்தாலும் அது எலும்பாக மாறாது. எனக்கு வைக்கப்போவது வேறு, எலும்பில் இருக்கிற அதே சத்துகளால் செய்தது. வைத்தவுடன் அதைச் சுற்றி ரத்தம் உறையும். அப்புறம் சில செல்கள் வந்து தடவிப் பார்க்கும், பல்லிடுக்கில் மாட்டிய முருங்கைச் சக்கையை நாக்கு சும்மா விடாமல் துழாவுகிற மாதிரி. அப்புறம் அரிக்கிற செல்கள் வந்து ஓரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கும். அரித்த இடத்தில் கட்டுகிற செல்கள் புது எலும்பை வைக்கும். இப்படியே அரிப்பதும் கட்டுவதுமாக, மாசக்கணக்கில், சிலருக்கு வருசக்கணக்கில், வெளியிலிருந்து உள்ளே எலும்பு வந்துகொண்டே இருக்கும்.

"ஆனா சிமெண்ட் ஆடக் கூடாதுங்க அம்மணி," என்று என்னைப் பார்த்துச் சொன்னார். "ஆடிக்கிட்டே இருந்துச்சுன்னா ஒடம்பு எலும்பு வெக்காது. நாராட்ட ஒரு சவ்வச் சுத்திப் போட்டு, அக்கட்ட ஒதுக்கி வெச்சிரும். அப்பறம் அது உள்ள லொடலொடன்னு கெடக்கும். கூரை எறங்கும். மூட்டையே மாத்த வேண்டி வரும். இந்த வயசுல மாத்தினா, ஆயுசுக்குள்ள திருப்பியும் மாத்தணும். அதனால நான் சொல்ற வரைக்கும் எடது கால ஊனவே கூடாது."

மூன்று பேரும் ஒரே அறையில், ஒரே பேச்சைத்தான் கேட்டோம். எனக்குக் கூரை இறங்கும் என்கிற பேச்சு மனசில் உட்கார்ந்துகொண்டது. தம்பி பதினைந்து நிமிசத்தைப் பிடித்துக்கொண்டான். அம்மா எதைப் பிடித்துக்கொண்டாள் என்பது வெளியே வந்ததும்தான் தெரிந்தது. லிஃப்டுக்குக் காத்திருந்தபோது என் காதோரம் வந்து, "இத நாம யாருக்கும் சொல்ல வேண்டாமல்ல கண்ணு?" என்றாள்.

தம்பிக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பெண் வீடு கிணத்துக்கடவு. தென்னந்தோப்பு, கௌரவமான குடும்பம், நல்ல மனுசர்கள். என் காலில் கட்டி என்று தெரிந்தால் சம்பந்தம் நின்றுபோகும் என்பது அம்மாவின் பயம்.

"கட்டின்னு நாம சொன்னா கேன்சருன்னு அவங்க காதுல உழும். பொறக்கற கொழந்தைக்கும் வந்துருமோன்னு ரோசன பண்ணுவாங்க. உலை வாய மூடலாம், ஊர் வாய மூட முடியுமா கண்ணு?"

"எனக்கு இருக்கறது கேன்சர் இல்லையேம்மா."

"அது உனக்குந் தெரியும், எனக்குந் தெரியும். ஒறம்பரைக்குத் தெரியுமா?"

ஒறம்பரை என்றால் எங்கள் ஊரில் சொந்தபந்தம். அந்த ஒறம்பரைக்காக ஒரு கதை தயாரானது. நான் பொடக்காணியில் வழுக்கி விழுந்துவிட்டேனாம். வீட்டுக்குப் பின்னால் குளிக்கிற, துணி துவைக்கிற இடத்தைத்தான் பொடக்காணி என்போம். எங்கள் வீட்டில் பொடக்காணியே கிடையாது. அறைக்கு அறை டைல்ஸ் போட்ட பாத்ரூம்தான். பொய் சொல்வதென்று ஆகிவிட்டது, அதிலாவது ஒரு பொருத்தம் வேண்டாமா? ஆனாலும் போன் பண்ணி விசாரித்த அத்தனை பேரிடமும் அம்மா அதையே சொன்னாள். நானும் வாயை மூடிக்கொண்டு கிடந்தேன். கட்டிலில் கால் நீட்டிக் கிடப்பவளுக்கு எத்தனை சண்டைதான் போட முடியும்?

ஆபரேஷன் முடிந்து, தையல் பிரித்து, இரண்டு அக்குளிலும் ஊன்றுகட்டை வைத்து நடமாட ஆரம்பித்த சமயத்தில் பெண்ணின் அம்மா சும்மா பார்த்துவிட்டுப் போக வந்தார். ஒரு சாக்கு நிறைய இளநீர் கொண்டுவந்திருந்தார். என் நைட்டி முழங்காலுக்கு மேல் ஏறியிருந்ததை அவர் அறைக்குள் வந்த பிறகுதான் கவனித்து இழுத்துவிட்டேன். அம்மா பொடக்காணிக் கதையை முதலிலிருந்து எடுத்துவிட்டாள், வழுக்கின சோப்புத் தண்ணீர் வரைக்கும். அந்த அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பாத்து இருந்துக்கோங்க அம்மணி, கால ஊனிப்போடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்து வந்தது இணைச்சீர். வெளியூர்க்காரர்களுக்குச் சொல்கிறேன், எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் தாலி கட்டுவதற்கு முன்னால் மாப்பிள்ளைக்கு அவனோடு கூடப் பிறந்தவள் செய்கிற சீர் அது. கல்யாணப் பெண்ணுக்கு எடுத்த கூறைச்சேலையின் ஒரு முனை மாப்பிள்ளையின் கக்கத்தில், மறுமுனை அக்காவோ தங்கையோ அவள் கையில். இரண்டு பேரும் இணையாக நிற்க, சடங்கு நடக்கும். கூடப் பிறந்தவள் என்கிற பந்தம் கல்யாணத்தோடு அறுந்துபோகாது என்று ஊர் பார்க்கச் சொல்கிற இடம். தம்பி பிறந்தபோதிலிருந்து, "இவனுக்கு நீதான் சீர் செய்யோணும்" என்று சொல்லிச் சொல்லியே என்னை வளர்த்தார்கள். எனக்கும் ஆசை இருந்தது. அதற்கென்று ஒரு பட்டுச்சேலை எடுத்து வைத்திருந்தேன்.

கல்யாணத்துக்கு அடுத்த வாரம்தான் டாக்டரம்மாவிடம் காட்ட வேண்டிய நாள். அதற்கான எக்ஸ்ரேயை முன்கூட்டியே எடுத்து வாங்கி வைத்திருந்தோம். ஒருநாள் சாயங்காலம் தம்பி பவுண்டரியிலிருந்து வந்தான். கையில் என் எக்ஸ்ரே கவர். காலையில் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எடுத்துக்கொண்டு போயிருக்கிறான். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கத்தினான்.

"அக்கா, பாஸ்ங்க்கா!"

எனக்கு விளங்கவில்லை. படத்தை உருவி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினான்.

"நம்ம வெளிச்சப் பெட்டியில மாட்டிப் பாத்துப்போட்டேன். வால்வு செக் பண்ண வர்ற இன்ஸ்பெக்டரையுங் கூப்புட்டுக் காட்டினேன். பாருங்க, வெள்ளவெளேர்னு இருக்குது. ஒரு காத்துக்குழி இல்ல. ஓரம் பாருங்க, மெஷின்ல வெட்டினாப்ல கூரா நிக்குது. இந்த மாதிரி ஒரு காஸ்டிங் வந்துச்சுன்னா கண்ண மூடிக்கிட்டு ஏத்திவுட்டுருவேன். நீங்க தாராளமா நிக்கலாம்ங்க்கா."

அம்மா கையெடுத்துச் சாமி படத்தைக் கும்பிட்டாள். "பாத்தியா கண்ணு, தம்பியே சொல்லிப்போட்டான்."

அட கெரகமே! டாக்டர் சொல்லாததைத் தம்பி சொல்லிவிட்டானாக்கும்! வால்வுகளுக்கு நடுவில் என் எலும்பை மாட்டி வைத்து, யாரோ ஒரு இன்ஸ்பெக்டரைக் கூப்பிட்டுக் கருத்துக் கேட்டிருக்கிறான். இரும்பு அச்சிலிருந்து வந்தால் வந்ததுதான். நாளைக்கும் அதே இரும்பு, அடுத்த வருசமும் அதே இரும்பு. அவன் வாழ்க்கையில் பார்த்ததெல்லாம் அதுதான். என் கால் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிற சாமான் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. நான் கத்தினேன். அவன் முகம் சுண்டிப்போனது. "நல்லதுக்குத்தானுங்க்கா பாத்தேன்" என்றான். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும்.

மறுநாள் ஒரு டாக்ஸி பிடித்து, யாரிடமும் சொல்லாமல் நானே டாக்டரம்மாவிடம் போனேன். அவர் படத்தைப் பார்த்ததும் விரல் வைத்தது தம்பி மெச்சிய அதே ஓரத்தில்தான்.

"இந்த ஓரம் பாத்தீங்களா, கோடு கிழிச்சாப்ல இருக்குது. இப்போதைக்கு இப்படி இருக்கறது தப்பில்லைங்க. ஆனா எலும்பு இன்னும் உள்ள வர ஆரம்பிக்கலைன்னு அர்த்தம். வர ஆரம்பிச்சா இந்தக் கோடு மங்கும், அழிச்சு விட்டாப்ல ஆகும். வெள்ளை குறையும். அதைத்தான் நான் எதிர்பாத்துட்டிருக்கறேன்."

"கல்யாணத்துல சித்த நேரம் நிக்கணுமுங்க. சீர்."

அவரும் இந்த ஊர்க்காரர்தான், சீர் என்றால் என்னவென்று நான் சொல்லத் தேவையில்லை.

"பட்டுச்சேல கட்டிக்கிட்டு, கூட்டத்துல, கட்டையில்லாம நிப்பீங்க. யாராவது இடிச்சாங்கன்னா மொத்த வெயிட்டும் எடது கால்ல திருகி எறங்கும். இப்ப அங்க புடிச்சு நிறுத்தறதுக்கு எலும்பு இல்லைங்க. உக்காந்து செய்ங்க. உக்காந்து செய்யறதுக்கு என்னங்க?"

என்னங்க என்று நானும்தான் கேட்டேன். வீட்டுக்கு வந்து அவர் சொன்னதை வரிக்கு வரி சொல்லி, நாற்காலியில் உட்கார்ந்து சீர் செய்கிறேன் என்றேன். அம்மா அப்போதைக்குத் தலையை ஆட்டினாள். ஆட்டின தலையை நம்பினேன்.

கல்யாணம் கிணத்துக்கடவில், பெண் வீட்டார் பார்த்த மண்டபத்தில். விடியும் முன்பே எங்களைக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். கூட்டம் வருவதற்கு முன் என்னைப் பக்கவாட்டு வழியாக மேடையைத் தாண்டி மாப்பிள்ளை அறைக்குக் கூட்டிப்போனாள் அம்மா. மேடையில் பூ அலங்காரம் முடிந்திருந்தது. மாப்பிள்ளை நிற்கிற இடத்துக்கு ஒட்டினாற்போல, கை வைத்த நாற்காலி ஒன்று, அதில் ஒரு மெத்தை, அதற்கு முன்னால் ஒரு குட்டி ஸ்டூல். என் நாற்காலியை அம்மாதானே போடச் சொல்ல வேண்டும், இது யாராவது வயசானவர்களுக்காக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு கட்டையை ஊன்றி நடந்தேன். பின்னால் அம்மா குரல் கேட்டது.

"ஏனுங்க, சீர் செய்யற எடத்துல இந்தச் சேரை ஆருங்க போட்டது? எடுத்து அக்கட்ட போடுங்க."

மாப்பிள்ளை அறையில் தம்பி பட்டு வேட்டியில் தயாராக இருந்தான். அம்மா கதவைச் சாத்தினாள். என் கையிலிருந்த கட்டைகளை வாங்கி, பீரோவுக்குப் பின்னால் சாத்தி வைத்தாள்.

"கண்ணு, சித்த நேரம் நின்னுபோட்டு வந்துரு. அஞ்சே நிமிசம். நான் புடிச்சுக்கறேன்."

"உக்காந்து செய்யறேன்னு சொன்னேன்ல?"

"உக்காந்துட்டு சீர் செய்யறது எந்த ஊர்ல உண்டு? போட்டோவுல நல்லாவா இருக்கும்? பொண்ணூட்டுக்காரங்க பாத்தா என்ன நெனப்பாங்க? பொடக்காணியில உழுந்தவளுக்கு இத்தன நாளாவா சரியாகாம இருக்கும்னு கேக்க மாட்டாங்களா?"

"கேட்டா உண்மையச் சொல்லுங்க."

"தாலி கட்டற நேரத்துலயா?"

நான் தம்பியைப் பார்த்தேன். சொல்லேன்டா, உன் அக்கா உட்கார்ந்தே செய்யட்டும் என்று ஒரு வார்த்தை. மாப்பிள்ளை சொன்னால் அந்த மண்டபத்தில் யார் மறுத்துப் பேசுவார்கள்? அவன் கைக்கடிகாரத்தைத் திருகிக்கொண்டே சொன்னான்: "நான் எக்ஸ்ரே பாத்தேன்ங்க்கா. ஒண்ணும் ஆகாதுங்க்கா. ஸ்ட்ராங்கா இருக்குது."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த மண்டபத்தின் கூரையே இறங்கியிருக்க வேண்டும். சத்தமாகத்தான் சொன்னேன். "நின்னா எம்மூட்டு போயிரும். டாக்டர் என்ன சொன்னாங்கன்னு ரெண்டு பேருக்கும் தெரியும். தெரிஞ்சும் நிக்கச் சொல்றீங்க. உங்களுக்கு எங்கால் பெருசா, போட்டோ பெருசா? நான் நிக்க மாட்டேன். சேர் போட்டா செய்வேன். இல்லைன்னா வேற ஆளப் பாத்துக்கோங்க."

வெளியே நாதஸ்வரம் ஆரம்பித்தது. அம்மா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அவள் கண்ணில் தண்ணீர் இருந்தது, அதையும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் அநியாயம். அப்புறம் முந்தானையால் துடைத்துக்கொண்டு கதவைத் திறந்தாள். வெளியே நின்ற பெரியப்பா மகளைக் கூப்பிட்டாள்.

"அக்காளுக்குத் தூரமாயிருச்சு கண்ணு. நீதான் சீருக்கு நிக்கோணும். போய்த் தலைக்குப் பூ வெச்சுக்கிட்டு வா."

தூரம் என்றால் மாதவிலக்கு. ஊர் கேள்வி கேட்காத ஒரே காரணம். கேட்டுவிட்டு எல்லோரும் அச்சச்சோ என்று ஒதுங்கிக்கொள்வார்கள், அத்தோடு சரி. அந்தக் காரணத்தில் இன்னொன்றும் இருக்கிறது. தூரமானவள் மண்டபத்துக்குள் இருக்கக் கூடாது. அது அம்மாவுக்குத் தெரியாமல் இல்லை.

என்னைப் பின்வாசல் வழியாகக் காருக்குக் கூட்டிப்போனார்கள். சாப்பாட்டுக் கூடத்துக்குப் பின்னால், பாத்திரம் கழுவுகிற இடத்துக்குப் பக்கத்தில் கார் நின்றது. பின் சீட்டில் கால் நீட்டி உட்கார்ந்தேன். சீருக்கென்று எடுத்த பட்டுச்சேலையின் மடிப்புக்கூடக் கலையவில்லை. யாரோ ஒரு பெண் இலையில் இட்லி கொண்டுவந்து, என்னைத் தொடாமல், சீட்டின் ஓரத்தில் வைத்துவிட்டுப் போனாள். கெட்டிமேளம் கேட்டது. என் தம்பி தாலி கட்டினதை நான் காதால்தான் பார்த்தேன்.

அழுதேனா என்று கேட்டால், இல்லை. அழுவதற்கும் ஒரு நிதானம் வேண்டும். காரின் முன்சீட்டை இரண்டு கையாலும் குத்தினேன். கைதான் வலித்தது. இடது காலை மட்டும் அசைக்காமல் வைத்துக்கொண்டேன். அந்தக் கோபத்திலும் அது நினைவிருந்தது.

கல்யாணம் ஒரு குறையும் இல்லாமல் நடந்தது. தம்பி மனைவி வீட்டுக்கு வந்தாள், நல்ல பெண், என்னை அண்ணி அண்ணி என்று சுற்றி வந்தாள். அவளிடமும் பொடக்காணிக் கதைதான். சில மாசம் போய் டாக்டரம்மா லேசாக ஊனலாம் என்றதும் கட்டை போய்க் கைத்தடி வந்தது. நான் அம்மாவோடு பேசினேன், பேசாமலும் இருந்தேன், மறுபடி பேசினேன். ஒரே வீட்டில் வேறு என்ன செய்ய முடியும்? தம்பியோடு மட்டும் சாப்பாடு, தண்ணீர் பில் தவிர வேறு பேச்சில்லை.

நல்ல மழைக்காலத்தில் அடுத்த பெரிய எக்ஸ்ரே. கார் ஓட்டிக்கொண்டு தம்பிதான் வந்தான். டாக்டரம்மா கூப்பிடும்வரை வெளியே காத்திருந்தபோது படத்தை எட்டிப் பார்த்தவன் முகம் வெளுத்துவிட்டது.

"அக்கா, என்னுங்க்கா இது? ஓரமெல்லாம் கலங்கிப்போய்க் கெடக்குது. வெள்ளையே கொறஞ்சு போச்சு. உள்ளயெல்லாம் புகை புகையா இருக்குது. ரிஜெக்ட் மாதிரி இருக்குதுங்க்கா."

உள்ளே போனோம். டாக்டரம்மா படத்தை மாட்டிப் பார்த்துவிட்டு முதல்முறையாக வாய்விட்டுச் சிரித்தார்.

"வந்துருச்சுங்க அம்மணி! பாருங்க, சிமெண்ட் எங்க முடியுது, எலும்பு எங்க ஆரம்பிக்குதுன்னு இந்தப் பக்கம் சொல்ல முடியுதா? ஒடம்பு அத எடுத்துக்க ஆரம்பிச்சிருச்சு. இன்னும் முழுசா மாற நாளாகும். ஆனா இனித் தாராளமா ஊனி நடங்க."

தம்பி படத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தான். கல்யாணத்துக்கு முன்னால் பாஸ் போட்டது எதற்கு, இப்போது ரிஜெக்ட் போட்டது எதற்கு என்று அவன் மண்டைக்குள் ஓடியிருக்க வேண்டும். வண்டியில் திரும்பி வரும்போது, "அன்னிக்கு நீங்க நின்னிருந்தா..." என்று ஆரம்பித்தான். ரோட்டைப் பார்த்து ஓட்டு என்றேன். மன்னிப்புக் கேட்கப் போகிறான் என்று தெரிந்தது. கேட்க விடக் கூடாது என்று எனக்கு ஒரு வீம்பு.

எங்கள் வீட்டுக் கூடத்தில் கல்யாண போட்டோ ஒன்றைப் பெரிதாகச் சட்டம் போட்டு மாட்டியிருந்தாள் அம்மா. எத்தனையோ படம் இருக்க, அவள் மாட்டியது இணைச்சீர். கூறைச்சேலையின் ஒரு முனை தம்பியின் கக்கத்தில். மறுமுனை பெரியப்பா மகள் கையில். அவள் பாவம், பயந்த முகத்தோடு நிற்கிறாள். தினமும் காலேஜுக்குக் கிளம்பும்போது அதைத் தாண்டித்தான் நான் போக வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெண்ணின் அம்மா, அப்பா இரண்டு பேரும் மகளைப் பார்க்க வந்தார்கள். அந்த அப்பாவும் தம்பியும் முதலில் சாப்பிட உட்கார்ந்தார்கள். பெண்ணின் அம்மா போட்டோவுக்கு முன்னால் நின்றார். நான் கைத்தடி இல்லாமல் காபி கொண்டுபோய்க் கொடுத்தேன். என் நடையைத்தான் முதலில் பார்த்தார், அப்புறம் படத்தை.

"அன்னிக்கு உங்கனால நிக்க முடியாமப் போச்சுங்களே அம்மணி."

சமையலறையிலிருந்து அம்மா எட்டிப் பார்த்து முந்திக்கொண்டாள். "அன்னிக்குன்னு பாத்துத் தூரமாயிருச்சுங்க. என்ன பண்றது, அதென்ன நம்ம கையிலயா இருக்குது?"

போதும் என்று ஆகிவிட்டது. நான் மரியாதையாகவே சொன்னேன். "தூரமெல்லாம் இல்லீங்க. எங்கால் எலும்புல கட்டி இருந்துச்சுங்க. சொரண்டி எடுத்துட்டு சிமெண்ட் வெச்சாங்க. பொடக்காணியில உழுகவும் இல்லீங்க. எங்கூட்ல பொடக்காணியே இல்லீங்க."

அம்மாவின் கையில் கரண்டி அப்படியே நின்றது. பெண்ணின் அம்மா அதிரவில்லை. காபியை ஒரு வாய் குடித்தார்.

"தெரியுமுங்க அம்மணி."

"தெரியுமுங்களா?"

"நான் வந்தன்னிக்கே அந்தத் தையல் தழும்பப் பாத்தனுங்களே. எங்க கொழுந்தனாருக்கும் இதே மாதிரி எடுத்தாங்க, அவரு இப்பத் தென்னமரம் ஏறறாரு. ஒங்களுக்கு ஊனக் கூடாதுன்னு சொல்லியிருப்பாங்கன்னு எனக்குத் தெரியும். அதுக்குத்தானுங்க மேடையில சேரும், கால் நீட்டிக்க ஒரு ஸ்டூலும் போட்டு வெக்கச் சொன்னேன். அப்பறம் பாத்தா சேரக் காணோம். செரி, உங்கூட்டுக்காரங்களுக்குப் பிரியமில்லையாட்ட இருக்குதுன்னு உட்டுட்டோமுங்க."

எனக்கு அந்த மெத்தை போட்ட நாற்காலி கண் முன்னால் வந்தது. வயசானவர்களுக்குப் போட்டது என்று நினைத்து நான் தாண்டிப் போன நாற்காலி. அது எனக்கு.

"ஏனுங்க, தெரியும்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமல்லங்க?"

"நீங்க மறைக்கறத நாங்க எப்படிங்க கேக்கறது? மரியாதையா இருக்காதுங்களே."

மரியாதை! மறைத்தவர்களும் மரியாதைக்காக மறைத்தார்கள், தெரிந்தவர்களும் மரியாதைக்காகக் கேட்காமல் இருந்தார்கள். இரண்டு மரியாதைக்கும் நடுவில் நான் பாத்திரம் கழுவுகிற இடத்தில் காருக்குள் கிடந்தேன். அம்மா என் முகத்தைப் பார்க்காமல், "சாப்பாடு ஆறுதுங்க, வாங்க, வாங்க" என்றாள். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

சோபாவுக்குப் பக்கத்தில் இருந்த ஸ்டூலைக் காலால் இழுத்து, போட்டோவுக்கு நேர் கீழே போட்டேன். இடது காலைத்தான் முதலில் தூக்கி வைத்தேன். மொத்த உடம்பையும் அந்தக் கால் மேல் ஏற்றி ஏறினேன். முழங்கால் ஒரு சத்தமும் போடவில்லை. இரண்டு கையையும் நீட்டி ஆணியிலிருந்து சட்டத்தைத் தூக்கினேன்.

சாப்பாட்டு மேசையிலிருந்து தம்பி சோற்றுக் கையோடு எழுந்து ஓடி வந்தான். "அக்கா, காலு! ஊனாதீங்க்கா! எறங்குங்க்கா, நான் கழட்டித் தாரேன்!"

இதை அவன் கிணத்துக்கடவில் சொல்லியிருக்க வேண்டும்.